1949-க்குப் பிறகு வந்தது எதுவும் வேண்டாம்

கராஜ் சுவரில், லைட் சுவிட்சுக்குப் பக்கத்தில், சாக்பீஸால் ஓர் எண் எழுதியிருக்கிறேன்: 1949. நான்கு வருடத்தில் இரண்டு முறை அழிந்துபோய், இரண்டு முறையும் மறுபடி எழுதினேன். அந்தச் சுவருக்கு முன்னால் நிற்பது 1930-இல் செய்த ஃபோர்டு மாடல் ஏ கூப்பே, இரண்டு கதவும் மூடிய கூரையும் உள்ள கார். மட்கார்டு இல்லை, பானெட் இல்லை. முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் தூக்கி, ஓட்டப்பந்தயக் கோட்டில் குனிந்து நிற்கிற ஆள் மாதிரி நிற்கும்.

பார்க்க வருகிறவர்கள் கேட்பது இரண்டு கேள்விதான். தொழிற்சாலையிலிருந்து வந்தது போலவே புதுப்பித்து வைக்கலாமே? இல்லை, இவ்வளவு மெனக்கெடுகிறவன் நல்ல புது என்ஜினாக வாங்கி வைத்துவிடலாமே? இரண்டுக்கும் பதில் சுவரில் இருக்கிற அந்த எண்தான்.

நான் கட்டுவது ஹாட் ராட், அதாவது பழைய காரை எடை குறைத்து, பலமான என்ஜின் வைத்து வேகமாக்கிய வண்டி. அதிலும் பழைய முறை ஹாட் ராட். 1949-இல் இருபது வயதுப் பையன் ஒருவன், கையில் கொஞ்சம் காசு, வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை, காயலான் கடையில் கிடைக்கும் பாகங்கள், இவற்றை மட்டும் வைத்து என்ன கட்டியிருப்பானோ அதைக் கட்டுவது. 1950-இல் வந்த பாகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் என் வண்டிக்குள் வராது. இதைப் பிடிவாதம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு இது படிப்பு. புதுப் பாகம் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டால், பழையது ஏன் அப்படி இருந்தது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. அந்த வழியை அடைத்துவிட்டால் யோசித்தே ஆக வேண்டும்.

இந்த வண்டிகள் பிறந்த இடம் தெற்குக் கலிபோர்னியா. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து மலையைத் தாண்டி வடக்கே போனால் மொஹாவி பாலைவனம். அங்கே வறண்டுபோன ஏரிப்படுகைகள்: முராக், எல் மிராஜ். மழையில் கொஞ்சம் தண்ணீர் நின்று, வற்றி, தரை பலகை மாதிரி இறுகிக் கிடக்கும். 1930-களில் பையன்கள் வார இறுதியில் பழைய ஃபோர்டுகளை ஓட்டிக்கொண்டு அங்கே போனார்கள். மட்கார்டு, விண்ட்ஷீல்டு, ஹெட்லைட் எல்லாவற்றையும் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, முழு வேகத்தில் ஓட்டி, எத்தனை மைல் போகிறது என்று அளந்து பார்த்தார்கள். அப்புறம் எல்லாவற்றையும் மறுபடி மாட்டிக்கொண்டு, திங்கட்கிழமை அதே காரில் வேலைக்குப் போனார்கள். 1937-இல் சதர்ன் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன் என்று ஓர் அமைப்பு உருவாகி, ஓட்டத்துக்கு ஒழுங்கும் நேரக் கணக்கும் வந்தது. போரின்போது ஓட்டம் நின்றது. முராக் ராணுவத்தின் கைக்குப் போய், இன்று எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளமாக இருக்கிறது. போரிலிருந்து திரும்பியவர்கள் எல் மிராஜில் மறுபடி கூடினார்கள். 1949-இல் யூட்டா மாநிலத்தில் பான்வில் உப்புப் படுகையில் முதல் ஸ்பீட் வீக் என்ற வேக ஓட்ட வாரம் நடந்தது. நான் நிறுத்திக்கொண்ட வருடம் அதுதான்.

ஏன் எல்லோரும் ஃபோர்டையே பிடித்தார்கள்? மலிவு, அவ்வளவுதான். மாடல் ஏ 1928 முதல் 1931 வரையிலான மாடல்களில் 48 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. நாற்பது குதிரைத்திறன் நான்கு சிலிண்டர் என்ஜின், லேசான உடம்பு. 1932-இல் ஹென்றி ஃபோர்டு சாதாரண ஜனம் வாங்கும் விலையில் வி8 என்ஜினை, அதாவது எட்டு சிலிண்டர் வி வடிவில் இரண்டு வரிசையாக நிற்கும் என்ஜினைக் கொண்டுவந்தார். எட்டு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே வார்ப்பு. முதல் வருடம் 65 குதிரைத்திறன். பத்து வருடம் கழித்து அந்த வி8 கார்கள் விபத்தில் நசுங்கியும் பழையதாகியும் காயலான் கடைகளுக்கு வந்து குவிந்தன. லேசான மாடல் ஏ உடம்புக்குள் அந்த வி8-ஐ இறக்கினால் என்ன ஆகும் என்பது எந்தப் பையனுக்கும் தோன்றியிருக்கும்.

இன்று ஹாட் ராடின் அழகு என்று நாம் பார்ப்பது எல்லாமே அப்போது கணக்குதான். மட்கார்டைக் கழற்றியது எடைக்காக. பின்னால் பெரிய டயர் போட்டது, அதே கியரில் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போவதற்காக. முன்பக்கத்தைத் தாழ்த்தியது காற்றுக்காகவும், வளைவில் கவிழாமல் இருக்கவும். கூரையை வெட்டிக் குள்ளமாக்கியது காற்றில் மோதும் பரப்பைக் குறைக்க. காரணம் தெரியாமல் உருவத்தை மட்டும் நகல் எடுத்தால் வண்டி சரியாக ஓடாது. இதை நான் புத்தியால் அறிந்திருந்தேன், உடம்பால் அறிந்துகொண்டது பிறகு. அதற்கு வருகிறேன்.

நான் இருப்பது மிச்சிகனில். வண்டியை வாங்கியது வடக்கே ஒரு பண்ணைக் கொட்டகையிலிருந்து. என்ஜின் இல்லை, கண்ணாடி இல்லை, தரைத் தகடு மக்கிப்போய் உள்ளே நின்றால் புல் தெரியும். ஆனால் கூரையும் கதவுகளும் நேராக இருந்தன. மாடல் ஏ-யின் வரிசை எண்ணை என்ஜினில் மட்டுமல்லாமல் சேஸிஸின் இடப்பக்கச் சட்டத்திலும் அடித்திருப்பார்கள். உடம்பு அதன்மேல் உட்கார்ந்திருப்பதால் வெளியே தெரியாது. உடம்பைத் தூக்கினால்தான் பார்க்க முடியும். உரிமைப் பத்திரத்தில் இருக்கும் எண்ணும் இரும்பில் இருக்கும் எண்ணும் வேறாக இருந்தால் எல்லாம் சிக்கல். முதல் மாதமே நான்கு நண்பர்களைக் கூப்பிட்டு உடம்பைத் தூக்கி வைத்தேன். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்க்கத் தேய்க்க முதலில் ஒரு நட்சத்திரக் குறி வந்தது. அப்புறம் ஏ என்ற எழுத்து, எண்கள், கடைசியில் இன்னொரு நட்சத்திரம். பத்திரத்தை வைத்து ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தோம். எல்லாம் பொருந்தியது. அன்றைக்கு மதியம் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

தகடு வேலையில் ஓர் ஆண்டு போனது. அப்பாவுக்குக் கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை இருந்தது. அதே தெருவில் ஒரு டிங்கரிங் பட்டறையும் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அங்கே நின்று வேடிக்கை பார்ப்பேன். கேஸ் வெல்டிங் வைத்த இடம் சிவப்பாக இருக்கும்போதே, பின்னால் டாலி என்கிற இரும்புக் கட்டையைக் கொடுத்து, முன்னால் சுத்தியால் தட்டுவார்கள். ஏன் அவ்வளவு அவசரமாகத் தட்டுகிறார்கள் என்று அப்போது புரியவில்லை. என் கராஜில் புரிந்தது. தகடு சுமார் ஒரு மில்லிமீட்டர் கனம். வெல்டிங் ஆறும்போது அந்த வரி சுருங்கும். சுருங்கினால் சுற்றியிருக்கும் தகடு நெளியும். சூடு இருக்கும்போதே தட்டி அந்த வரியை நீட்டிவிட்டால் நெளிவு போய்விடும். இப்போது வீட்டில் எல்லோரும் வைத்திருக்கிற, மின்சாரத்தில் கம்பியை உருக்கி ஒட்டும் மிக் வெல்டிங்கில் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் அந்த வரி கடினமாகிவிடும், தட்டினால் கேட்காது. கேஸ் வெல்டிங் வரி மிருதுவாக இருக்கும். என் விதி கருவிகளுக்குப் பொருந்தாது என்றுதான் முதலில் வைத்திருந்தேன். ஒரு கதவின் அடிப்பகுதியை மிக்கில் ஒட்டி, மூன்று வாரம் நெளிவெடுத்துப் பார்த்துவிட்டு, தகடு வேலை முழுக்க கேஸுக்கு மாறினேன்.

சுடரை அமைப்பதே ஒரு பாடம். அசிட்டிலீன் மட்டும் திறந்தால் மஞ்சள் சுடர், கரி பறக்கும். ஆக்ஸிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தால் சுடர் நீலமாகி, உள்ளே மங்கலான இறகு ஒன்று தெரியும். இன்னும் திறந்தால் அந்த இறகு சுருங்கி, உள்ளிருக்கும் கூர்மையான வெள்ளைக் கூம்போடு ஒன்றாகிவிடும். அந்தக் கணத்தில் கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஆக்ஸிஜன் போனால் இரும்பு பொரியும், வரி நொறுங்கும். இரண்டு தகட்டின் விளிம்பையும் இடைவெளியே இல்லாமல் அரம் போட்டுப் பொருத்தி, ஒரு விரல் அகலத்துக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டு போய், அப்புறம் முழு வரியையும் ஓட்ட வேண்டும். உருகிய குட்டை சுடருக்கு முன்னால் கண்ணாடிபோல மினுங்கிக்கொண்டே நகரும். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு எந்த நினைப்பும் வராது. அலுவலகத்தில் நாள் முழுக்க திரையைப் பார்க்கிற எனக்கு அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு பெரிது என்பதைச் சொல்லி முடியாது.

பெட்ரோல் டேங்க் தனிக் கதை. மாடல் ஏ-யில் டேங்க் பின்னால் இல்லை. விண்ட்ஷீல்டுக்கு முன்னால், உட்காருகிறவரின் முழங்காலுக்கு மேலே இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கும்போது உடம்பின் பாகமாகத் தெரிகிற அந்த வளைந்த தகடே டேங்கின் மேல்பக்கம்தான். பம்ப் தேவையில்லை, பெட்ரோல் தானாகவே கீழே இறங்கும். அவ்வளவு பெட்ரோலை மடிக்கு மேல் வைத்துக்கொண்டு வி8-ஐ ஓட்ட எனக்கு மனம் வரவில்லை. அடிப்பக்கத்தை வெட்டி எடுத்து, வெறும் ஓடாக மேல்பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, புது டேங்கைப் பின்னால் கொண்டுபோனேன். வெட்டுவதற்கு முன் ஒரு வாரம் சோப்புத் தண்ணீரில் அலசி, வெட்டுகிற கோடு வரை தண்ணீர் நிரப்பி வைத்துத்தான் ரம்பத்தை எடுத்தேன். பல வருடம் காலியாகக் கிடந்த டேங்க்தானே என்று யாரும் நினைக்க வேண்டாம். மடிப்புகளுக்குள் ஆவி தங்கியிருக்கும். இதில் அவசரப்பட்டு உயிரை விட்டவர்கள் உண்டு.

ஒட்டிய இடங்களைச் சமப்படுத்த பட்டி போடவில்லை, ஈயம்தான். ஊரில் தெருவில் வந்து பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். முதலில் பளிச்சென்று சுத்தம் செய்து, சூடாக்கி, மெல்லிய பூச்சு ஏற்றிவிட்டால்தான் மற்றது ஒட்டும். அவர் பூசியது வெள்ளீயம். இங்கே 70 பங்கு காரீயம், 30 பங்கு வெள்ளீயம் சேர்ந்த கட்டி. அந்தக் கலவை சட்டென்று உருகி ஓடாது, நடுவில் ஒரு நிலையில் வெண்ணெய்போல இளகி நிற்கும். அந்த நிலையில் மெழுகு தடவிய மரத் துடுப்பால் தள்ளித் தள்ளி வடிவம் கொடுக்கலாம். ஆறியபின் அரம் மட்டும்தான். காரீயத் தூள் விஷம். கிரைண்டரோ உப்புத்தாளோ பக்கத்தில் வரக்கூடாது. அரத்தின் கீழே விழுகிற சுருள்களைக் காகிதத்தில் பிடித்துத் தனியாகக் கட்டி வைத்தேன்.

சரி, என்ஜினுக்கு வருகிறேன். எனக்கு இந்தக் காரில் மிகப் பிடித்ததும் மிகவும் படுத்தியதும் அதுதான்.

ஃபோர்டின் அந்தப் பழைய வி8-ஐ ஃபிளாட்ஹெட் என்பார்கள். வால்வுகள் மேலே மூடும் ஹெட்டில் இல்லை, சிலிண்டர்கள் இருக்கும் பெரிய வார்ப்பான பிளாக்கிலேயே இருக்கின்றன. அதனால் ஹெட் வெறும் தட்டையான மூடி. ஒரே கேம்‌ஷாஃப்ட் நடுவில் இருந்துகொண்டு 16 வால்வுகளையும் தூக்குகிறது. எளிமையான அமைப்பு. ஆனால் ஒரு தொல்லை அதனோடேயே பிறந்தது. வால்வுகள் எல்லாம் வி-யின் உள்பக்கம் இருக்கின்றன, சைலன்ஸர் குழாய்களோ வெளிப்பக்கம். எரிந்த புகை உள்பக்கத்திலிருந்து கிளம்பி, சிலிண்டர்களுக்கு இடையே, தண்ணீர் ஓடும் அறைக்குள் புகுந்து, பிளாக்கைக் கடந்துதான் வெளியே வர வேண்டும். போகிற வழியெல்லாம் தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டே போகும். ஒரு பக்கம் நான்கு சிலிண்டருக்கு மூன்றே வழிகள். நடுவில் இருக்கிற இரண்டும் ஒரே வழியைப் பகிர்ந்துகொள்கின்றன. அங்கேதான் சூடு அதிகம், அங்கேதான் விரிசலும் விழும். ஃபிளாட்ஹெட் என்றாலே கொதிக்கும் என்று பெயர் வாங்கியது இதனால்.

1946-லிருந்து 48 வரை வந்த பிளாக் ஒன்றை இரண்டு மாநிலம் தள்ளி ஒருவரிடம் வாங்கினேன். சோதித்துப் பார்த்தது, விரிசல் இல்லை என்று சொன்னார். கொண்டுவந்து இறக்கிய அன்று வீடியோ காலில் அப்பாவுக்குக் காட்டினேன். பட்டறையை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது, ஆனால் வாழ்நாள் முழுக்க மோட்டார் பம்ப் வார்ப்புகளைக் கடைந்தவர். வார்ப்பைப் பார்த்தால் முகம் மாறிவிடும்.

"கண்ணு, அந்தாளு சொன்னா சொல்லட்டும். வார்ப்புங்கிறது வெளிய பார்த்தாத் தெரியாது. ராத்திரி பூரா மண்ணெண்ணெயில ஊற வை. காலைல ஈரம் இல்லாமத் தொடச்சுட்டு, மேல சாக்பீஸ் பொடியத் தூவு. விரிசல் இருந்தா அதுவே வந்து சொல்லும்."

"இங்க அதுக்கு மெஷின் இருக்குதுங்கப்பா. மேக்னெட் வெச்சுப் பார்ப்பாங்க."

"அது அப்புறம் பார்க்கட்டும். மொதல்ல நீ பாரு."

சொன்னபடி செய்தேன். பழைய துணிகளை மண்ணெண்ணெயில் நனைத்துப் பிளாக்கின் மேல்பரப்பு முழுக்கப் போர்த்தி வைத்தேன். காலையில் துடைத்துக் காயவைத்து, மகளின் சாக்பீஸ்களை இடித்துச் சலித்துத் தூவினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, வெள்ளையாகக் கிடந்தது. காபி குடித்துவிட்டு வந்து பார்த்தபோது, 6-ஆம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் வளையத்திலிருந்து சிலிண்டரின் வாய் வரை, தலைமுடி கனத்தில் ஒரு பழுப்புக் கோடு. பொடியைத் துடைத்துவிட்டு மறுபடி தூவினேன். அதே இடத்தில், அதே வளைவோடு மறுபடி எழுந்து வந்தது. 6-ம் 7-ம்தான் அந்தப் பக்கத்தில் நடுவில் இருக்கிற இரண்டு. சூட்டை அளந்து வைத்ததுபோல அங்கே கிழிந்திருந்தது.

தலைமுடி மாதிரி விரிசல் எல்லாவற்றுக்கும் பயப்பட வேண்டியதில்லை. ஹெட் போல்ட் ஓட்டையிலிருந்து தண்ணீர் வழிக்குப் போகும் சின்னக் கோடுகள் இந்த பிளாக்குகளில் சகஜம். அதோடேயே நல்லபடியாக ஓடுகின்றன. சிலிண்டருக்குள் இறங்குகிற விரிசல் வேறு. தைத்துச் சரிசெய்கிறவர்கள் உண்டு, ஆனால் அந்தச் செலவில் இன்னொரு பிளாக் வாங்கிவிடலாம். விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. மனசு கசந்துதான் போனது. கடைசியில் அந்த பிளாக் வேறு விதத்தில் உதவியது. உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் கூட்டைச் சேஸிஸில் வைத்துத்தான் என்ஜின் தாங்கிகள், கியர்பாக்ஸ், பெடல் எல்லாவற்றுக்கும் இடம் பார்த்தேன். நல்ல என்ஜினைத் தூக்கித் தூக்கி இறக்கி அடிபட வைக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது பிளாக்கை அப்பா முறையிலும் பார்த்தேன், மெஷின் ஷாப்பில் காந்தம் வைத்து இரும்புத்தூள் தூவியும் பார்த்தார்கள். சுத்தமாக இருந்தது. அதன் பிறகு தண்ணீர் வழிகளைச் சுத்தம் செய்யும் வேலை. பலர் இதைத் தாண்டிப் போய்விட்டு, அப்புறம் கொதிக்கிறது என்று ரேடியேட்டரைத் திட்டுகிறார்கள். வளைத்த கம்பி, துப்பாக்கிக் குழல் துடைக்கிற பிரஷ், காற்று, தண்ணீர் என்று ஆறு ஞாயிற்றுக்கிழமை. துருச் செதில் வரும் என்று எதிர்பார்த்தேன், வந்தது. அதற்கும் பின்னால், கறுப்பாகக் கெட்டிப்பட்ட மணல் வந்தது. வார்ப்படம் ஊற்றியபோது உள்ளே வைத்த அச்சு மணல். கூடவே அந்த மணல் அச்சைத் தாங்க வைத்த கம்பியின் துண்டுகள். எல்லாவற்றையும் சேர்த்துச் சமையலறைத் தராசில் போட்டேன், ஒரு கிலோவைத் தாண்டியது. இந்த பிளாக்குகள் வார்த்தது டியர்போர்னில் இருக்கும் ரூஜ் ஆலையில், என் வீட்டிலிருந்து அரை மணி நேர தூரம். எழுபத்தைந்து வருடத்துக்கு மேல் அந்த மணல் எங்கெங்கோ சுற்றிவிட்டு, ஊர் திரும்பி என் கையில் கொட்டியிருக்கிறது. ஒரு பிடியை ஊறுகாய் ஜாடியில் எடுத்து வைத்திருக்கிறேன்.

சிலிண்டரை 3 5/16 அங்குலத்துக்குக் கடைந்து, ஃபோர்டு நிறுவனத்தின் இன்னொரு காரான 1949 மெர்க்குரியின் 4 அங்குல ஸ்ட்ரோக் கிராங்க்‌ஷாஃப்டை வைத்தேன். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது 239 கன அங்குலம், 100 குதிரைத்திறன். இப்போது 276 கன அங்குலம், நம் கணக்கில் நாலரை லிட்டர். அந்த கிராங்க் 1949-இல்தான் வந்தது. என் விதியின் கடைசிப் படியில் ஏறிக்கொண்டது. மேலே, காற்றையும் பெட்ரோலையும் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் அலுமினிய மேனிஃபோல்டில் இரண்டு ஸ்ட்ராம்பர்க் 97 கார்புரேட்டர்கள். காற்று போகும் தொண்டை 0.97 அங்குலம் என்பதால் அந்தப் பெயர்; பக்கவாட்டில் 97 என்று பொறித்திருக்கும். போருக்கு முன்பும் பின்பும் விக் எடல்ப்ராக் மேனிஃபோல்டு வார்த்ததும், எட் இஸ்கெண்டேரியன் கேம்‌ஷாஃப்ட் தேய்த்துக் கொடுத்ததும் இந்த என்ஜினுக்காகத்தான். அவர்களும் முதலில் தங்கள் காருக்குத்தான் செய்துகொண்டார்கள், அக்கம்பக்கம் கேட்ட பிறகு தொழிலானது.

கூரையை வெட்டவில்லை. மூன்று மாதம் யோசித்த விஷயம் இது. மாடல் ஏ கூப்பேயின் தூண்கள் கிட்டத்தட்ட நேராக நிற்கின்றன. மூன்று அங்குலம் வெட்டி இறக்கினால் மேலும் கீழும் பெரும்பாலும் பொருந்திவிடும். சாய்ந்த தூண் உள்ள கார்களில் அப்படி வராது. அதனால் வெட்டுகிறவர்களுக்கு இது பிரியமான கார். தூண்களில் டேப் ஒட்டி, தூரத்தில் நின்று பார்த்தேன்; உண்மையாகவே அழகாகத்தான் இருந்தது. ஆனால் நான் எல் மிராஜுக்குப் போய்க் காற்றைக் கிழிக்கப்போவதில்லை. போனவர்களிலும் கூப்பே வைத்திருந்தவர்களுக்கு அப்போது இடம் குறைவு. சதர்ன் கலிபோர்னியா அமைப்பு நெடுநாள் திறந்த ரோட்ஸ்டர்களோடேயே இருந்தது, மூடிய கார்களை ஓடவிட்டது ரஸெட்டா என்ற இன்னொரு அமைப்பு. தொண்ணூறு வருடம் துருப்பிடிக்காமல் நின்ற கூரை. வெட்டினால் மறுபடி வளராது. மட்கார்டைக் கழற்றினால் பரணில் வைக்கலாம், யாராவது ஒருநாள் மாட்டிக்கொள்வார்கள். கழற்றக்கூடியதைக் கழற்று, வெட்ட வேண்டியிருந்தால் ஒரு வருடம் பொறு என்று இப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். டேப்பை உரித்துவிட்டேன்.

சேஸிஸில்தான் நான் தப்புச் செய்தேன். மாடல் ஏ-யின் முன் ஆக்ஸில், ஐ வடிவ இரும்பு. அதன் இரண்டு முனைகளையும் சூடாக்கி இழுத்து, நடுப்பகுதியை நான்கு அங்குலம் தாழ்த்தியிருக்கிறேன். ஆக்ஸிலைப் பின்பக்கமாகப் பிடித்துக்கொள்ளும் தண்டுகள் ஃபோர்டின் அமைப்பில் வி வடிவில் நடுவே ஒரே புள்ளியில் சேரும். அதை நடுவில் வெட்டிப் பிரித்து, ஒவ்வொன்றையும் சேஸிஸின் பக்கத்துக்கு ஒன்றாக மாட்டுவது ஹாட் ராட் வழக்கம். அப்படிப் பிரித்துவிட்டால், ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது ஆக்ஸில் முறுக வேண்டும். ஐ வடிவ இரும்பு முறுகும். குழாய் ஆக்ஸில் முறுகாது, எங்கேயாவது விரிசல் விடும். அதனால் என் ஐ ஆக்ஸிலோடு நிம்மதியாக இருந்தேன்.

தண்டுகளை மாட்டும்போது, முன்சக்கரம் இடம் வலமாகத் திரும்புகிற அச்சான கிங்பின்னின் சாய்வைப் பின்பக்கமாக 5 டிகிரி வைத்தேன். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கையை விட்டாலும் சக்கரம் நேராகப் போவதற்கு அந்தச் சாய்வும் ஒரு காரணம். காரிலும் அதே வேலைதான். சேஸிஸை ஸ்டாண்டில் மட்டமாக நிறுத்தி, கோணமானியை வைத்து இரண்டு பக்கமும் அளந்து, வெல்டிங் வைத்து முடித்தேன்.

போன வருடம் செப்டம்பரில் முதல் ஓட்டம். தெருவைத் தாண்டி, பண்ணைகளுக்கு நடுவே போகிற நேர்ச்சாலை. இரண்டாவது கியரில் என்ஜின் இழுத்த இழுப்பில் நெஞ்சு நிறைந்துபோனது. 40 மைல் வேகத்தில் ஒரு சின்னப் பள்ளத்தில் இடச்சக்கரம் இறங்கி ஏறியது. அவ்வளவுதான், முன்சக்கரங்கள் இரண்டும் ஆட ஆரம்பித்தன. ஸ்டியரிங் கையைப் பிடுங்கியது. பக்கவாட்டில் சக்கரம் படபடவென்று அடித்துக்கொள்வதைக் கண்ணால் பார்க்க முடிந்தது, மட்கார்டுதான் இல்லையே. பிரேக்கை மெதுவாக மிதித்து ஓரம்கட்டி நிறுத்தியபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது.

டயரைப் பார்த்தேன், கிங்பின் புஷ்ஷைப் பார்த்தேன், முன்சக்கரங்கள் லேசாக உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவைப் பார்த்தேன். எல்லாம் சரி. இரண்டு வாரம் கழித்து, எங்கள் தெருவில் இருக்கிற, பழைய கார்களிலேயே ஊறிய ஒரு பெரியவர் வந்து பார்த்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்: சாய்வை அளந்தபோது வண்டி எதன்மேல் நின்றது? ஸ்டாண்டில் என்றேன். கோணமானியை எடுத்துச் சேஸிஸ் சட்டத்தின் மேல் வைத்தார். முன்பக்கம் 2 டிகிரி தாழ்ந்திருந்தது. பின்னால் பெரிய டயர், முன்னால் சின்ன டயர், தாழ்த்திய ஆக்ஸில். வண்டி குனிந்து நின்றால் கிங்பின்னும் அதோடு முன்னால் குனியும். நான் வைத்த 5-இல் 2 போய், மிச்சம் 3. நான் ஆசைப்பட்டு வைத்த அந்த நிற்கும் அழகே சாய்வைத் தின்றுவிட்டது. அலங்காரமாகத் தெரிவது எல்லாம் கணக்கு என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தக் கணக்கில் ஒரு வரியை என் காரிலேயே எழுதாமல் விட்டிருந்தேன். தாங்கிகளை வெட்டி எடுத்து, நான்கு டயரும் தரையில் நிற்க, பெட்ரோல் நிரப்பி, சீட்டில் என் எடைக்கு மணல் மூட்டை வைத்து, தரையிலிருந்து 7 டிகிரி வருகிற மாதிரி மறுபடி வெல்டிங் வைத்தேன்.

விதியை நான் மீறிய இடம் பிரேக். மாடல் ஏ-யில் கம்பிகள் இழுத்துப் பிடிக்கும் பிரேக். ஃபோர்டுக்கு ஹைட்ராலிக் பிரேக் 1939-இல்தான் வந்தது. 1939-லிருந்து 48 வரையிலான அந்த டிரம்களை அப்போதைய பையன்கள் எல்லோருமே எடுத்து மாட்டினார்கள், நானும் மாட்டினேன். ஆனால் அந்தக் காலத்து மாஸ்டர் சிலிண்டரில் ஒரே ஒரு அறை. ஒரு ஹோஸ் கிழிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறை உள்ள சிலிண்டரைத் தரைக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்தேன். சீட் பெல்ட்டும் போட்டேன். கதவில் பழைய கண்ணாடிக்குப் பதில் உடைந்தாலும் சிதறாத கண்ணாடி. பக்கத்து சீட்டில் உட்காரப்போவது என் மகள். இதில் எனக்கு ஒரு கணம்கூடத் தயக்கம் வரவில்லை.

வயரிங், சீட் தையல், பெயின்ட் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெயின்ட் கறுப்பு. அதுவும் முழுசாக முடியவில்லை. வலப்பக்கக் கதவில் இன்னும் ஈயம் சாம்பல் நிறத்தில் தெரிகிறது.

போன சனிக்கிழமை அதே சாலைக்குப் போனேன். அதே பள்ளம். 40-இல் ஒரு தரம், 50-இல் ஒரு தரம், 55-இல் ஒரு தரம். இடச்சக்கரம் இறங்கி ஏறியது, ஸ்டியரிங் ஒரு சின்னத் தட்டு தட்டிவிட்டுத் தானாகவே நேருக்கு வந்தது. திரும்பி வரும்போது சிக்னலில் மூன்று நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. வெப்பமானி 180-லிருந்து 190 ஃபாரன்ஹீட்டுக்கு ஏறி, அங்கேயே நின்றது. வீட்டு வாசலில் அணைக்காமல் விட்டு அப்பாவைக் கூப்பிட்டு, போனை ரேடியேட்டருக்குப் பக்கத்தில் பிடித்தேன். அங்கே ராத்திரி பத்து மணி. கொஞ்ச நேரம் பேசாமல் கேட்டார்.

"ரெண்டாவது கார்புரேட்டர் கொஞ்சம் முந்துது கண்ணு. ரெண்டையும் ஒண்ணாத் தொறக்கற மாதிரி வை."

கம்பியைக் கழற்றிப் பார்த்தேன். அரைச் சுற்று வித்தியாசம் இருந்தது.